பாய்மரத்துச் சேவலும் சிலுவைமேட்டுக் கூரைகளும்

தூத்துக்குடி,
12 டிசம்பர் 1974

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தான் தேவபிரசாதம் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜீவமணியின் கணவனும், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியனுமாகிய கிருபாநிதி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே இருவரும் சுகம்; எனக்கு மட்டும் குனிந்தால் மூக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் கடல் வருகிறது. நாசரேத்தில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் மூக்கு வறண்டு சௌக்கியமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உங்கள் கார்டு நேற்றுக் கிடைத்தது. நலம் விசாரிக்கவில்லை. "நீர் ஒரு சேவலுக்காகக் கடலில் குதித்ததாக இங்கே பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். என் தங்கை இதை மறைப்பது ஏன்? உமது புத்தி தெளிவாக இருக்கிறதா?" என்று மூன்று வரி மட்டும் எழுதியிருந்தீர்கள். அத்தான், நான் குதிக்கவில்லை, விழுந்தேன். மீதியெல்லாம் உண்மை. ஜீவமணி மறைத்த காரணம், அவளும் அந்தக் கரையில் நின்றதுதான். காலமெல்லாம் கூட்டுறவு பாங்கியில் இருந்துவிட்டு, இப்போது உங்கள் சபைக்குப் பொருளாளராகவும் இருப்பவர் நீங்கள்; எந்தக் காரியத்தையும் முழுதாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டீர்கள் என்ற தைரியத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கார்த்திகைக் காற்று உங்கள் பக்கம் பனைகளை ஆட்டிவிட்டு மட்டும் போனது. இங்கே அது சிலுவைமேட்டை வழித்தெடுத்துவிட்டது. உப்பளங்களைத் தாண்டிக் கடலை ஒட்டி இருக்கிற மீன்பிடிக்காரர் குடியிருப்பு அது. எல்லாரும் ரோமைச் சபையார். நாற்பதுக்குக் கொஞ்சம் கூடுதலாக வீடுகள், எல்லாம் ஓலைக்கூரை. காற்று ஓய்ந்து பார்த்தபோது மண்சுவர் நிற்கிறது, மேலே ஆகாயம் இருக்கிறது, நடுவில் இருந்த கூரையைக் காணோம். வள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடந்தன. சனங்களைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் தங்க வைத்தோம். அங்கே பெஞ்சுக்கு அடியில் ஒரு குடும்பம், பெஞ்சுக்கு மேலே ஒரு குடும்பம். பரீட்சை வருகிறது, கட்டடத்தைச் சீக்கிரம் விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடலில் இன்னொரு காற்றழுத்தம் என்று ரேடியோவும் சொல்லிவிட்டது. பச்சைப்பிள்ளைக்காரிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை எந்தக் கூரையின் கீழ் அனுப்புவது? ஆகவே நம் சபை ஐயரும் அவர்கள் கோயில் சாமியாரும் கூடி ஒரு கமிட்டி போட்டார்கள். கூட்டத்தில் "முடியாது" என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்தவன் நான் ஒருவன்தான். என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா? உண்மையைச் சரியாக எடுத்துச் சொன்னால் மனிதர்கள் சரியாக நடந்துகொள்வார்கள் என்று நம்பிப் பிழைத்தவன். பெரிய அட்டை ஒன்று வாங்கி, குடும்பம் எத்தனை, ஆட்கள் எத்தனை, ஒரு வீட்டுக்கு ஓலை எவ்வளவு, கம்பு எவ்வளவு, கயிறு எவ்வளவு என்று சிவப்பு மையில் எழுதி, கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைகடையாக ஏறினேன். அத்தான், அந்த அட்டையை விரித்தால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "காற்றில் வீடு போச்சு" என்று வாயால் சொல்லும்போது முகத்தில் ஒரு இரக்கம் வரும். அட்டையின் முதல் வரிக்கு அது கொஞ்சம் குறையும். இரட்டைக் கோட்டுக்கு வரும்போது அவர்கள் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஓலைக் கிட்டங்கி வைத்திருக்கும் இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் போனேன். கிட்டங்கிக்குள் ஓலை மலைமாதிரி அடுக்கியிருந்தது. நல்ல மனிதர், கோவில் கொடைக்கும் கொடுப்பார், பள்ளிவாசல் கந்தூரிக்கும் கொடுப்பார். அட்டையை முழுதும் வாசித்தார்.

"சாரு, நாப்பது வீடுன்னுல்லா சொல்லுதிய. நா நாலு வீட்டுக்குக் குடுத்தாலும் மிச்சம் அப்பிடியேதான நிக்கும்? பெறவு நா குடுத்தது எங்கன தெரியும்?"

"அந்த நாலு வீட்டுக்குத் தெரியும் அண்ணாச்சி."

"அது சரி. ஜவுளிக்கடைக்காரரு என்ன குடுத்தாரு?"

"இன்னும் ஒண்ணும் இல்ல."

"அப்ப அவரு தரட்டும், பாப்போம்."

ஜவுளிக்கடைக்குப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இசக்கியப்பன் என்ன குடுத்தாரு?" இன்னும் இல்லை என்றேன். "அவரு குடுக்காம நா முந்திக்கிட்டா அவரத் தாழ்த்துன மாதிரி ஆயிரும் சாரு" என்றார். இப்படி இரண்டு தர்மவான்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் நான் அட்டையோடு அலைந்தேன். கடைசியில் கமிட்டிக்கு வந்து சேர்ந்தவை கால் ஒடிந்த நாற்காலி ஒன்று, ஓட்டை மழைக்கோட்டு ஒன்று, ஒரு மூட்டை பழைய சட்டை. சட்டைகளில் பொத்தான்களை எல்லாம் அறுத்து எடுத்துக்கொண்டுதான் தந்திருந்தார்கள்.

நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் அந்தச் சேவல் கூவியது.

கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகிற பழைய தோணி ஒன்று பழுது பார்ப்பதற்காக ஆளில்லாமல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. காற்று அதை நங்கூரத்தோடு இழுத்துக்கொண்டு போய், சிலுவைமேட்டுக்கு நேர் எதிரே ஒரு மணல்திட்டில் சாய்த்துவிட்டது. அந்தத் தோணியின் பாய்மரத்து உச்சியில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. அத்தனை நாளும் தோணிக்குள் சிந்திக் கிடந்ததைக் கொத்தித் தின்று பிழைத்து, அலை ஏறவும் மேலே ஏறிவிட்டது போலும். சுற்றிலும் அலை உடைகிறது. அது இறங்கவும் முடியாமல், பறக்கவும் முடியாமல், சூரியன் உதித்ததும் கடமை தவறாமல் கூவியது. பள்ளிக்கூடத்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த பிளாரன்ஸ் முதலில் அதைக் கேட்டாள். பிளாரன்ஸ் சிலுவைமேட்டு மீன்காரி. அவள் குரல் தெருமுனையில் கேட்டாலே எங்கள் பகுதிப் பூனைகள் வாசலுக்கு வந்துவிடும். அவள் செம்பைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள்.

"ஏளா, அது எங்க ராயப்பன்லா! கூரையோட போயிட்டான்னு அழுதேனே, அந்தா இருக்கான் பாரு!"

நம் வேதத்தில் பேதுரு என்று இருக்கிறவரை அவர்கள் ராயப்பர் என்பார்கள். பேதுரு மறுதலித்தபோது கூவிய சேவலுக்குப் பேதுருவின் பெயரையே வைப்பது முறையா என்று அந்த அவசரத்திலும் நான் அவளைக் கேட்டேன்.

"அது கூவுனதுனாலதான சாரு அவரு அழுது திருந்துனாரு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள். நம் ஐயரிடம் கேட்டேன். அவர் வேகமாய்க் கரைப்பக்கம் நடந்துவிட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் தூத்துக்குடிக்குச் செய்தி போய்விட்டது. அத்தான், முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில்கூட அந்தக் கரையில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. புதுத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் வேலை முடிந்த கையோடு வந்தார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. டவுன் பஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, "எறங்கிப் பாத்துட்டு வாங்க, காத்துக் கெடக்கேன்" என்றார். கப்பல் ஏஜெண்டு ஒருவர் தூரக்கண்ணாடி கொண்டுவந்தார்; அதில் பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். மக்ரூன் போடுகிற பேக்கரியிலிருந்து ஒரு தட்டு நிறைய மக்ரூன் வந்தது, சேவலுக்காம். பள்ளிவாசல் தெருவிலிருந்து அதற்குத் தின்னக் கம்புத் தானியம் வந்தது. ஒரு அம்மாள் அது இறங்கும்வரை பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். ஜவுளிக்கடைக்காரர், யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல், அதைப் போர்த்திக் கொண்டுவருவதற்கு என்று புதுப் போர்வை ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கிட்டங்கியைச் சாத்திவிட்டு இசக்கியப்பன் அண்ணாச்சியும் வந்து முழங்கால் தண்ணீரில் நின்றார். இவர்களுடைய முதுகுக்குப் பின்னால், கூப்பிடுகிற தூரத்தில், கூரையில்லாத நாற்பது குடும்பம் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளத்தின்மேல் ஏறி, அட்டையை விரித்துப் பிடித்து, வகுப்பில் பேசுகிற குரலில் தொடங்கினேன்: "அன்பர்களே! ஒரு பறவைக்காக இத்தனை பேர் கண்ணீர் விடுகிறீர்கள். இங்கே நாற்பது குடும்பங்கள்..." அதோடு நின்றுவிட்டது. சேவல் கூவியது. முந்தின தடவையைவிடக் குரல் ஈனமாக இருந்தது. காற்று அதன் வால் இறகை ஒரு பக்கமாகத் தூக்க, அது நழுவி, ஒரு காலால் தொற்றி, மறுபடி ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அத்தான், அவ்வளவு தூரத்தில் ஒரு சேவல் யாரைப் பார்க்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். பிற்பாடு விசாரித்தேன். அங்கே நின்ற ஒவ்வொருவரும் அது தன்னைத்தான் பார்த்தது என்று சத்தியம் செய்கிறார்கள். நான் அட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கூட்டத்தோடு கூட்டமாய் நானும் பாய்மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துறைமுகத்து லாஞ்சு அந்தத் திட்டுக்கு வர முடியாது, ஆழம் போதாது. சிலுவைமேட்டில் மிஞ்சிய ஒரே வள்ளம் அம்புரோசுடையது. அம்புரோஸ் அதிகம் பேசாத ஆள். அன்று சாயங்காலம் போனான். அலையில் துடுப்பு ஒடிந்து திரும்பினான். கரையில் நின்ற ஆசாரி ஒருவர் கூலி வாங்காமல் புதுத் துடுப்புச் செதுக்கிக் கொடுத்தார். மறுநாள் காலையும் போனான். வள்ளத்தின் விளிம்பு பிளந்து திரும்பினான். இனி இதை விட்டுவிடலாமே என்று கப்பல் ஏஜெண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கரையே அவர்மேல் பாய்ந்தது. "இம்புட்டுச் செஞ்சாச்சு, இனி எப்பிடி விட முடியும்?" என்றார் இசக்கியப்பன் அண்ணாச்சி. செய்ததெல்லாம் அம்புரோசும் ஆசாரியும். ஆனாலும் அந்தக் கரையில் நின்ற எல்லாருக்கும் தாங்களே துடுப்புப் போட்டுக் கை வலிப்பது போலத்தான் இருந்தது. எனக்கும் தோள் வலித்தது.

பிளந்த விளிம்பை அடைத்துவிட்டு அம்புரோஸ் சொன்னான்: "எனக்கு வள்ளத்தப் பிடிக்கவே ரெண்டு கையி காணாது. சேவலப் பிடிக்க ஒரு ஆளு வேணும். பாரம் இல்லாத ஆளா இருக்கணும்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. "நான் வாறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் இந்த முட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகும்போது குடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். வெளியே கிளம்பினால் குடை எடுக்கிற பழக்கம். திட்டுக்குக் கிட்டத்தில் போனதும் தோணி மலைபோல நிற்கிறது. பாய்மரம் எங்கள் தலைக்குமேல் சாய்ந்திருக்கிறது. அம்புரோஸ் அலை அடங்குகிற நேரம் பார்த்து வள்ளத்தை ஒட்டினான். "சாரு, இப்பம்!" என்றான். நான் எழுந்து நின்று "வா, வா, பா, பா" என்று கூப்பிட்டுக் குடையை விரித்து நீட்டினேன். ராயப்பன் என்னை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது, பிறகு செட்டையை விரித்துப் பாய்ந்தது. அது இறங்கிய இடம் குடையல்ல, என் வழுக்கைத் தலை. நகம் பதிந்ததும் நான் குடையோடும் சேவலோடும் கடலுக்குள் போனேன்.

தண்ணீருக்குள் என் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் தலை வெளியே வந்த ஒரு கணத்தில், கரையிலிருந்து தூத்துக்குடியே ஒரே குரலாகக் கத்தியது தெளிவாகக் கேட்டது: "ஏலே அம்புரோசு! சேவலப் பிடி! வாத்தியாரப் பெறவு பாத்துக்கிடலாம்!"

அவன் கடவுளுக்குப் பயந்தவன். ஒரு கையில் சேவலையும் மறு கையில் என் சட்டைக் காலரையும் பிடித்தான். கரை சேர்ந்தபோது புதுப் போர்வை சேவலுக்கு. எனக்குக் கமிட்டி மூட்டையிலிருந்து பொத்தான் இல்லாத சட்டை ஒன்று. ஜீவமணி அழுதுகொண்டே ஓடிவந்தாள். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு, நான் முழுகினபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நா உங்களப் பாக்கலைங்க. சேவலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உங்களப் பாத்துக்கிட அம்புரோசு இருந்தாம்லா?" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள், அத்தான்.

சேவலை மேளதாளத்தோடு கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினார்கள். அது கம்பைத் தின்றது, மக்ரூனையும் தின்றது. அப்போது இசக்கியப்பன் அண்ணாச்சி கேட்டார்: "இதுக்கு வீடு எங்கன இருக்கு?"

பிளாரன்ஸ் அவரைக் கூட்டிப்போய்த் தன் வீட்டைக் காட்டினாள். நாலு சுவர், உள்ளே தேங்கின தண்ணீர், அதில் ஒரு பானை. அவர் அந்தப் பானையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளாய் என் அட்டையில் அந்த வீடும் ஒரு எண்ணாக இருந்ததுதான். "இதுலயா அந்தச் சீவன் கெடக்கும்? நாளைக்கே ஓல வரும்" என்றார். மறுநாள் ஓலை வந்தது. ஒரு வண்டி அல்ல. தெரு அடைக்க வந்தது. அவர் அனுப்பியதைக் கேட்டு மரக்கடைக்காரர் கம்பு அனுப்பினார். அதைக் கேட்டுக் கயிறு வந்தது. லாரிக்காரர்கள் வாடகை வேண்டாம் என்றார்கள். சேவல் வீட்டுக்கு, சேவல் வீட்டுக்கு என்று எங்கெங்கிருந்தோ சாமான் வந்து குவிந்து, பிளாரன்ஸ் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிலுவைமேடு முழுதுக்கும் போதுமானது அங்கே கிடந்தது.

நான் சந்தோஷப்பட்டு, மிச்சத்தை மற்ற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது எப்பிடி சாரு? நா குடுத்தது சேவலுக்கு. ஊருக்குக் குடுக்கதுன்னா நீங்க வந்து கேட்டன்னைக்கே குடுத்திருப்பேம்லா?"

மரக்கடைக்காரரும் அதையே சொன்னார். கயிறு கொடுத்தவரும் அதையே சொன்னார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, வேறு யாரும் தொடவும் விடவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. குவிந்து கிடக்கிற ஓலைக்குப் பக்கத்தில் சனங்கள் கூரையில்லாமல் நிற்கிறார்கள். நான் நியாயம் சொன்னேன், கணக்குச் சொன்னேன், கெஞ்சினேன். பயனில்லை. அப்போது பிளாரன்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த. ராயப்பனுக்கு மட்டும் கூர போட்டாப் போதுமா? அவன் சம்சாரம் எங்கன இருக்கும்?"

"சம்சாரமா?"

"அந்தா, சந்தியா வீட்டுல ஒரு வெள்ளக்கோழி நிக்குல்லா, அது அவன் சம்சாரம். அதுக்கு அடுத்த வீட்டுப் புள்ளிக்கோழியும் அவஞ் சம்சாரந்தான். இந்தத் தெருவுல எந்த வீட்டுல கோழி இருந்தாலும் அது ராயப்பனுக்கு வாக்கப்பட்டதுதான். ஊருல வேற சேவலே கெடையாதுல்லா? மருமகன் மாளிகையில இருக்க, மாமனார் வீடு நனஞ்சா அவனுக்குத்தான அவமானம்?"

நம் ஐயர் பக்கத்தில் நின்றார். ஒரு ஆணுக்கு இத்தனை மனைவிகள் என்ற விஷயத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமியார் அவர் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். இசக்கியப்பன் அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணை மூடி, நெற்றியைத் தடவி, பெரிய வழக்கில் தீர்ப்புச் சொல்கிறவர்போல யோசித்தார்.

"சம்பந்தி வீடுன்னா, அது வேற" என்றார். "போடுங்கலே எல்லாத்துக்கும்!"

அத்தான், அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. இரும்புக்கதவு மாதிரி நின்ற மனிதர், ஒரு கோழி நுழைகிற அளவுக்குச் சந்து கிடைத்ததும் அதன் வழியாக முழுசாக வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு மரக்கடைக்காரரும் மற்றவர்களும் தாங்களே கம்பைத் தூக்கிக்கொண்டு, "இது எந்தச் சம்பந்தி வீட்டுக்கு?" என்று கேட்டுக்கேட்டுப் போனார்கள்.

கூரைகள் ஒவ்வொன்றாய் ஏறின. ஒரே ஒரு இடத்தில் தடங்கல் வந்தது. பாஸ்கல் என்று ஒரு வயோதிகர், மனைவி பிள்ளை யாரும் இல்லாதவர்; அவர் வீட்டில் கோழி கிடையாது. வேலை செய்தவர்கள் நின்றுவிட்டார்கள். கோழி இல்லாத வீடு சம்பந்தி வீடு ஆகுமா? பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து காட்டலாமா என்று பிளாரன்சே கொஞ்சம் தயங்கினாள். பாஸ்கல், "எனக்கு வேண்டாம் மக்கா, நா கோயில்ல படுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். இசக்கியப்பன் அண்ணாச்சி விறுவிறென்று தன் காரில் ஏறிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தோம். மழை தூற ஆரம்பித்தபோது கார் திரும்பி வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கையில், குழந்தையை ஏந்துவதுபோல் நெஞ்சோடு அணைத்தபடி, தன் வீட்டுக் கருங்கோழி. சட்டையில் அது செய்திருந்த காரியத்தை அவர் கவனிக்கவே இல்லை. நேரே வந்து பாஸ்கல் மடியில் வைத்தார்.

"இந்தாரும் வேய். எங்க வீட்டுப் பொண்ணு. இனி நம்ம ரெண்டு பேரும் பொண்ணு வீட்டுப் பக்கம்."

பாஸ்கல் அந்தக் கோழியைத் தடவிக்கொண்டே அழுதார். அண்ணாச்சி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கூரை வேலையை மேற்பார்வை பார்த்தார். நாங்கள் எல்லாரும் வேறு எங்கெங்கோ பார்த்தோம்.

பாஸ்கல் வீட்டுக் கடைசி ஓலையைக் கட்டி முடிப்பதற்கும் மழை இறங்குவதற்கும் சரியாக இருந்தது. நல்ல பகல் நேரம்; ஆனாலும் இருட்டிக்கொண்டு கொட்டியது. நான் குடையில்லாமல் தெரு நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் புது ஓலை வாசனை. எல்லாக் கூரைமேலும் மழை ஒரே சத்தமாய் விழுகிறது. எல்லா வீட்டுக்குள்ளும் அடுப்புப் புகை. பச்சைப்பிள்ளை ஒன்று அழுதது, பிறகு அடங்கியது. நானும் எத்தனையோ ஆராதனைகளில் நின்றிருக்கிறேன் அத்தான், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு, நாற்பது ஒன்றைவிடப் பெரியது என்று சொல்லிக்கொடுத்தேன். விடைத்தாளில் மாற்றி எழுதியவனுக்குச் சைபர் போட்டேன். மனித இருதயத்துக்குள் அந்தக் கணக்கு தலைகீழாக நடக்கிறது. அங்கே ஒன்று கடலளவு, நாற்பது ஒரு துளி. இப்படி ஒரு கோணல் பாத்திரத்தைச் செய்து, அதற்குள் இவ்வளவு பெரிய இரக்கத்தையும் ஊற்றி வைத்தவரை நான் என்னவென்று சொல்வது? திறக்கிற இடம் மட்டும் அவருக்கும் மீன்காரிகளுக்கும்தான் தெரிகிறது.

நிற்க. இந்தக் கடிதத்துக்கு ஒரு காரியமும் உண்டு. சிலுவைமேட்டுக்கு வடக்கே கோரைமேடு என்று இன்னொரு குடியிருப்பு இருக்கிறது. அங்கேயும் இதே நிலைமை. குடும்பங்கள் இன்னும் அதிகம். அங்கே சேவலும் இல்லை, தோணியும் இல்லை. ஆகவே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாசரேத்துச் சபையார் படித்தவர்கள். நீங்களோ எண்களோடு வாழ்ந்தவர். உங்களை அசைக்க ஒரு சேவல் பாய்மரத்தில் ஏற வேண்டியதில்லை என்று நம்பி, விவரங்கள் அனைத்தும் அடங்கிய புது அட்டை ஒன்றைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். உணர்ச்சிக்கு இடங்கொடாமல், அறிவைக் கொண்டு நிதானமாய் வாசித்து, உங்கள் பக்கத்துப் பனையோலையில் இயன்றதை லாரியில் ஏற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மதினிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு முத்தங்களும். உங்கள் மூட்டுவலி தணியவும், சபைக் கட்டட வேலை தடையின்றி நடக்கவும், என்மேல் உங்களுக்கு இருக்கிற சந்தேகம் படிப்படியாய்க் குறையவும் பரம பிதா அருள்செய்வாராக.

இப்படிக்கு,
குடை இழந்த மைத்துனன்,
கிருபாநிதி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை ஜீவமணி வாசித்துவிட்டாள். "அறிவு, நிதானம்னு எழுதி வச்சா எங்க அண்ணன் ஒரு ஈர்க்குச்சிகூட அனுப்ப மாட்டாவ. அவியள எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, காலையில் தானே கோரைமேட்டுக்குப் போய்வந்தாள். ஆகவே மேலே எழுதியதையும், தனித் தபாலில் வரும் அட்டையையும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கோரைமேட்டில் ஒரே ஒரு வெள்ளாட்டுக்குட்டி இருக்கிறது. ஒரு காது கறுப்பு, முன்னங்கால் கொஞ்சம் ஊனம். கூரையில்லாத வீட்டு வாசலில், மழையில் நனைந்துகொண்டு, தென்மேற்கே நாசரேத் இருக்கிற திசையையே பார்த்தபடி நிற்கிறதாம். கிடாக்குட்டி. பெயர் தேவபிரசாதம். அத்தான், சத்தியமாய் அந்தப் பெயரை நான் வைக்கவில்லை.